பிறர் கேட்காத ஓசைக்காக நிதி கேட்பது எப்படி?

வாசகர் கடிதம்:

மதிப்புக்குரிய அம்மாவுக்கு வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக என் இரண்டு காதுகளிலும் ஓயாமல் இரைச்சல் கேட்கிறது. மருத்துவர்கள் டின்னிடஸ் என்று பெயர் சொன்னார்கள். பழகிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். எப்படிப் பழகிக்கொள்வது என்பதை யாரும் சொல்லவில்லை. என்னைப் போலவே தவிப்பவர்களைத் தேடி ஐந்து பேராகச் சந்திக்கத் தொடங்கினோம். இப்போது நாற்பது பேர் வருகிறார்கள். மாதம் இரண்டு கூட்டம் நடத்துகிறோம். மாலை நேரத்தில் தொலைபேசியில் ஆறுதல் சொல்கிறோம். சென்ற ஆண்டு தொண்டு நிறுவனமாகப் பதிவு செய்தோம். இதுவரை எல்லாம் எங்கள் கைக்காசுதான். மூன்று அறக்கட்டளைகளிடம் நிதி கேட்டு விண்ணப்பித்தோம். ஒன்று, எங்கள் முன்னுரிமையில் வரவில்லை என்றது. இன்னொன்று, பயன் தெளிவாக இல்லை என்றது. மூன்றாவது பதிலே போடவில்லை. இதற்கிடையில், காது கேட்கும் கருவி விற்கும் நிறுவனம் ஒன்று எங்கள் ஓராண்டுச் செலவை ஏற்பதாகச் சொல்கிறது. பதிலுக்குக் கூட்டங்களில் தங்கள் கருவிகளைக் காட்ட அனுமதிக்க வேண்டுமாம். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மின்விசிறியின் சத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு விழித்திருப்பவன் நான். அந்த நேரத்தில்தான் இந்த விண்ணப்பங்களை எழுதினேன். எங்களைப் போன்ற சிறிய அமைப்புக்கு நிதி கிடைக்குமா? எங்கே தவறினோம்? நகல்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு வணக்கம்.

கிடைக்கும். ஆனால் இப்போது எழுதியிருக்கிற விதத்தில் கேட்டால் கிடைக்காது. நான் பதினாறு ஆண்டுகள் ஓர் அறக்கட்டளையில் விண்ணப்பங்களைப் படித்துப் பரிந்துரைக்கும் வேலையில் இருந்தேன். இப்போது கேட்பவர்கள் பக்கம் வந்துவிட்டேன். சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் எழுத உதவுவதுதான் என் வேலை. நீங்கள் அனுப்பிய மூன்று விண்ணப்பங்களையும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன்.

மூன்றும் சேர்ந்து முப்பத்தொரு பக்கம். அந்த முப்பத்தொரு பக்கத்தில் ஓரிடத்திலும் மின்விசிறி இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். எல்லோரும் தூங்கிய வீட்டில் ஒருவர் மின்விசிறியின் சத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு விழித்திருக்கிறார். காற்றுக்காக அல்ல, அதன் சத்தத்துக்காக. அறை அமைதியாக ஆக ஆகக் காதுக்குள் இருக்கும் இரைச்சல் மேலெழுந்து நிற்கும். பின்னணியில் மெல்லிய ஓசை ஒன்று இருந்தால் அது சற்று மங்கும். காதிரைச்சல் உள்ளவர்கள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். இந்த ஒரு காட்சி போதும், உங்களுக்கு என்ன நடக்கிறது என்று இந்த நோயை அறியாதவருக்கும் புரிந்துவிடும். விண்ணப்பத்திலோ நீங்கள் இதை விட்டுவிட்டு, “உலகெங்கும் 74 கோடி மக்களை வாட்டி வதைக்கும் கொடிய நோய்” என்று தொடங்கியிருக்கிறீர்கள். அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மின்விசிறியை நீங்கள்தான் எழுத முடியும்.

விண்ணப்பத்தைப் படிப்பவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் கல்நெஞ்சர் அல்லர். ஆனால் அவர் மேசையில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்கும், பார்வையற்றோர் விடுதிக்கும், புற்றுநோயாளிகளின் வீட்டுப் பராமரிப்புக்கும் நிதி கேட்கும் கோப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் உங்களுடையது வருகிறது. காயம் இல்லை, ஊன்றுகோல் இல்லை, எக்ஸ்ரே படம் இல்லை. இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அவருக்கே எப்போதாவது காதில் இரைச்சல் கேட்டிருக்கும். உரத்த இசை நிகழ்ச்சிக்குப் போய்விட்டுத் திரும்பிய இரவில் காது கொய்ங் என்று ஒலித்திருக்கும், காலையில் போயிருக்கும். எனவே உங்கள் கோப்பைத் திறந்ததும் அவர் மனத்தில் எழும் முதல் எண்ணம், “எனக்கும்தான் கேட்டது, இதற்கெல்லாமா நிதி?” என்பதாக இருக்கும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் இப்படி ஒரு விண்ணப்பம் என் கைக்கு வந்தது. நான் அப்படித்தான் நினைத்தேன், அப்படித்தான் ஒதுக்கி வைத்தேன். பல ஆண்டுகள் கழித்து என் நெருங்கிய உறவினர் ஒருவர் இதே இரைச்சலால் வேலையை விட்டு, மனிதர்களை விட்டு ஒதுங்கிப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அன்றுதான் அந்தக் கோப்பு நினைவுக்கு வந்தது. அதை எழுதியவர்களிடம் இன்றும் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் எழுதியதிலும் மின்விசிறி இருக்கவில்லை. ஆனால் நான் ஒரு தொலைபேசி அழைப்பிலாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் முதல் பக்கம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். காதில் ஒலி கேட்பவர்கள் வேறு, அந்த ஒலியால் வாழ்க்கை நொறுங்கியவர்கள் வேறு என்று பிரித்துக் காட்ட வேண்டும். இதற்கு நம்பகமான எண்கள் இருக்கின்றன. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் ஜாமா நியூராலஜி என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதன் மதிப்பீட்டின்படி வயது வந்தோரில் சுமார் 14 சதவீதம் பேருக்குக் காதிரைச்சல் இருக்கிறது. அதைக் கடுமையான தொல்லையாக உணர்பவர்கள் சுமார் 2 சதவீதம். உலக அளவில் முதலாவது 74 கோடிக்கு மேல், இரண்டாவது 12 கோடிக்கு மேல். நீங்கள் 74 கோடியை எடுத்து முதல் வரியில் வைத்துவிட்டீர்கள். அது உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. 74 கோடிப் பேரின் துயரத்தை நாற்பது பேர் கொண்ட அமைப்பு என்ன செய்துவிட முடியும் என்ற கேள்வியை நீங்களே எழுப்பிக் கொடுக்கிறீர்கள்.

அதே எண்களை உங்கள் அளவுக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் சேவை செய்யும் பகுதியில் வயது வந்தோர் ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்த மதிப்பீட்டின்படி 14,000 பேருக்கு ஏதோ ஓர் அளவில் இரைச்சல் இருக்கும். அவர்களில் 2,000 பேர் கடுமையாகத் தவிப்பார்கள். உங்களிடம் வந்து சேர்ந்திருப்பவர்கள் 40 பேர். மீதி 1,960 பேர் எங்கே? இந்தக் கேள்வியை எழுதுங்கள். இது உலக மதிப்பீட்டிலிருந்து போட்ட கணக்கு, உங்கள் பகுதியில் எடுத்த கணக்கெடுப்பு அல்ல என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். நேர்மையான அந்த ஒரு வரி, அடுத்து வரும் எண்களையும் நம்ப வைக்கும்.

இனி, கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் இரண்டாம் விண்ணப்பத்தில் “குணப்படுத்துதல்” என்ற சொல் ஏழு இடங்களில் வருகிறது. ஏழையும் அடித்துவிடுங்கள். காது மெழுகு அடைப்பு, சில மருந்துகளின் பக்கவிளைவு, வேறு சில காது நோய்கள் ஆகியவற்றால் வரும் இரைச்சல், காரணத்தைச் சரிசெய்தால் நீங்கலாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வருவது, உரத்த ஓசையாலோ முதுமையாலோ உள்காதின் நுண்ணிய உணர்செல்கள் சேதமடைந்த பிறகு வருவது. காதிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தன் பக்கத்தில் ஒலிப்பெருக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது, அந்தக் கூட்டலே இரைச்சலாகக் கேட்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று. அதை முற்றாக நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இருக்கிறது என்று எழுதும் விண்ணப்பத்தை, மருத்துவ ஆலோசகர் உள்ள எந்த அறக்கட்டளையும் ஒரே பார்வையில் தள்ளிவிடும். அதே விண்ணப்பத்தில் ஜின்கோ என்ற மூலிகை மாத்திரை வாங்கி வழங்க நிதி கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொடர் காதிரைச்சலுக்கு ஜின்கோவையும் பிற உணவுத் துணைப்பொருள்களையும் பரிந்துரைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. உங்களுக்கு “பயன் தெளிவாக இல்லை” என்று பதில் வந்தது இந்த விண்ணப்பத்துக்குத்தான் என்பதில் எனக்கு வியப்பில்லை.

அப்படியானால் எதைச் சொல்லி நிதி கேட்பது? இங்கேதான் உங்கள் கை வலுவாக இருக்கிறது. ஒலி அப்படியே இருக்க, அது தரும் துன்பம் குறைய முடியும். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளக் கற்றுத்தரும் பேச்சுவழிச் சிகிச்சை பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 2020-இல் வந்தது; அது 28 ஆய்வுகளில் 2,733 பேரின் விவரங்களைப் பார்த்தது. இந்தச் சிகிச்சை வாழ்க்கைத் தரத்தின் மீது காதிரைச்சல் செலுத்தும் பாதிப்பைக் குறைக்கக்கூடும் என்பது அதன் முடிவு. கேட்கும் திறனும் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவி உதவலாம். தூக்கம், பயம், கவனம் ஆகியவற்றைக் கையாளக் கற்றுத்தருவது உதவும். இவற்றில் எதை உங்கள் அமைப்பு செய்யும், எதை நிபுணர்களிடம் அனுப்பி வைக்கும் என்று கோடு போட்டுக் காட்டுங்கள். கூட்டத்தில் அனுபவம் பகிர்வது, தவறான நம்பிக்கைகளைக் களைவது, குடும்பத்தினருக்குப் புரியவைப்பது, சரியான நிபுணரிடம் போய்ச் சேர உதவுவது ஆகியவை உங்கள் வேலை. சிகிச்சை உங்கள் வேலை அல்ல. மருத்துவர் “பழகிக்கொள்ளுங்கள்” என்று சொன்னதற்கும் ஒருவர் உண்மையிலேயே பழகிக்கொள்வதற்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைத் தனியாக நடக்க விடாமல் கூடவே நடக்கிறவர்கள் நீங்கள். நிதி கேட்க வேண்டியது அந்த நடைக்கு.

இதோடு ஒட்டிய இரண்டு விஷயங்களை எந்தப் பொறுப்பான கொடையாளரும் கேட்பார். நீங்கள் இரண்டையும் எழுதவில்லை. ஒன்று, யாரை உடனே மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? திடீரென்று கேட்கும் திறன் போனவர், ஒரு காதில் மட்டும் இரைச்சல் உள்ளவர், நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலிப்பதாகச் சொல்பவர், கூடவே கடுமையான தலைச்சுற்றலோ முகத்தசைத் தளர்ச்சியோ உள்ளவர், இவர்களெல்லாம் முதலில் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு நாள் கடத்தினால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பே குறையும். இதை ஒரு பக்கத்தில் எழுதி, தொலைபேசி எடுக்கும் ஒவ்வொருவர் மேசையிலும் ஒட்டுங்கள், விண்ணப்பத்துடனும் இணையுங்கள். இரண்டாவது, தொலைபேசியில் ஒருவர் “இனி வாழ விருப்பமில்லை” என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? உங்கள் மாலை நேரத் தொலைபேசிக்கு இப்படி ஓர் அழைப்பு ஏற்கெனவே வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். நல்ல மனம் மட்டும் அங்கே போதாது. தொண்டர்களுக்குப் பயிற்சி வேண்டும், யாரிடம் ஒப்படைப்பது என்று எழுதி வைத்த ஏற்பாடு வேண்டும், அந்த அழைப்பை எடுத்த தொண்டரோடு மறுநாள் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். இவற்றுக்குச் செலவாகும். தயங்காமல் நிதி கேளுங்கள். என்னைக் கேட்டால் உங்கள் முதல் நிதியின் முதல் செலவே இதுவாக இருக்க வேண்டும்.

பயனை எப்படிக் காட்டுவது என்பதற்கு வருகிறேன். இதில் பலர் திணறுகிறார்கள், ஆனால் உங்கள் துறையில் வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. டின்னிடஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி என்று ஒரு வினாப்பட்டியல் 1996-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 25 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றால் 4, சில நேரம் என்றால் 2, இல்லை என்றால் 0. கூட்டினால் 0 முதல் 100 வரை வரும். எண் கூடக் கூடப் பாதிப்பு கூடுதல். 2012-இல் வந்த டின்னிடஸ் ஃபங்ஷனல் இண்டெக்ஸ் என்பதும் 25 கேள்விகள்தான். மாற்றத்தைக் கணிப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது அது. அதில் 13 புள்ளி குறைந்தால் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் என்று அதை உருவாக்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இவற்றில் ஒன்றை, பயன்படுத்தும் அனுமதியையும் உங்கள் மொழியில் சரிபார்க்கப்பட்ட வடிவத்தையும் விசாரித்துக்கொண்டு, ஒரு செவித்திறன் நிபுணரின் துணையோடு தேர்ந்தெடுங்கள். சேரும் நாளில் ஒருமுறை, மூன்றாம் மாதத்தில் ஒருமுறை, ஆறாம் மாதத்தில் ஒருமுறை நிரப்பச் சொல்லுங்கள். நிரப்புவதற்குப் பத்து நிமிடம் ஆகும்.

முடிவை எழுதும்போது அழகுபடுத்தாதீர்கள். உதாரணமாக, முப்பது பேர் சேர்ந்தார்கள், ஆறு மாதம் முடிய இருபத்திரண்டு பேர் தொடர்ந்தார்கள், அவர்களில் பன்னிரண்டு பேருக்கு எண் நன்றாகக் குறைந்தது, ஏழு பேருக்கு மாற்றமில்லை, மூன்று பேருக்குக் கூடியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே எழுதுங்கள். விட்டுப் போன எட்டுப் பேருக்கும் தொலைபேசியில் பேசி, ஏன் வரவில்லை என்று கேட்டு அதையும் எழுதுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரைச்சல் மிகவும் வாட்டும் நேரத்தில்தான் ஒருவர் உங்களைத் தேடி வருவார். யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் சிலருக்கு அடுத்த சில மாதங்களில் சற்றுத் தணியும். எனவே முன்னேற்றம் முழுவதும் உங்களால் வந்தது என்று உரிமை கொண்டாடாதீர்கள். “இந்த மாற்றத்தில் காலத்தின் பங்கும் இருக்கலாம். உறுப்பினர்கள் எங்கள் கூட்டங்களில் எது உதவியது என்று சொன்னதைக் கீழே தருகிறோம்” என்று எழுதினால், மறுபக்கம் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அப்படி எழுதியவர்களை நான் மறந்ததில்லை.

எண்ணோடு வாழ்க்கையையும் கேளுங்கள். வாரத்தில் எத்தனை இரவு தூங்கினீர்கள்? இந்த மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியவில்லை? யாரோடாவது இரைச்சலான இடத்துக்குப் போய் வந்தீர்களா? உறுப்பினரின் கதையைச் சொல்வதானால் அவரிடம் எழுதி வாங்கிய சம்மதம் வேண்டும். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். இரக்கம் வரவழைக்க மட்டும் ஒருவரை அழவைத்துப் படம் பிடித்து அனுப்பாதீர்கள்.

பட்ஜெட்டைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. “ஒருங்கிணைப்பாளர் ஊதியம்: 0” என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்தில் “இதர செலவுகள்” என்று மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். முதலாவது தியாகம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். படிப்பவருக்கு அது ஆபத்தாகத் தெரிகிறது. நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டால் தொலைபேசியை யார் எடுப்பார்கள்? கூட்டத்தை யார் நடத்துவார்கள்? தூக்கமில்லாமல் ஒன்பது ஆண்டுகள் கழித்த ஒருவரின் தோளில் மட்டும் நிற்கும் அமைப்புக்கு மூன்றாண்டு நிதி தர யாரும் யோசிப்பார்கள். அரைநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்கு நியாயமான ஊதியம் போடுங்கள். சம்பளம் வாங்காத தொண்டர்களின் நேரத்தையும் மணிக்கணக்கில் எழுதி, “அமைப்பின் பங்களிப்பு” என்று தனியாகக் காட்டுங்கள். கொடையாளர் தருவது எவ்வளவு, நீங்கள் தருவது எவ்வளவு என்பது அப்போது தெரியும்.

“இதர செலவுகள்” என்ற வரியை உடைத்தால் உள்ளே என்ன இருக்கிறது? கூட்ட அறை வாடகை, தொலைபேசி, தணிக்கை, காப்பீடு, அச்சு. எல்லாம் நியாயமான செலவுகள். அவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். நிர்வாகச் செலவு என்றாலே கொடையாளர் முகம் சுளிப்பார் என்று பயந்து பலர் ஒளித்து வைக்கிறார்கள். பதினாறு ஆண்டுகளில் நான் சந்தேகப்பட்டது ஒளித்து வைத்தவர்களைத்தான். கணக்கெழுதவும் தணிக்கைக்கும் பணமே ஒதுக்காத அமைப்பு எப்படிக் கணக்குக் கொடுக்கும்?

உங்கள் துறைக்கே உரிய செலவுகளையும் விட்டுவிட்டீர்கள். உங்கள் உறுப்பினர்களில் பலருக்குக் கேட்கும் திறனும் குறைந்திருக்கும். பேசுவதை உடனுக்குடன் எழுத்தில் காட்ட ஏற்பாடு வேண்டும், நல்ல ஒலிபெருக்கி அமைப்பு வேண்டும். சிலருக்குச் சாதாரண ஓசையே தாங்க முடியாமல் இருக்கும். நாற்காலி தரையில் தேய்க்கும் சத்தமும் மைக் கீச்சிடுவதும் அவர்களைக் கூட்டத்தை விட்டே ஓட வைக்கும். எனவே எதிரொலிக்காத அறை வேண்டும், தரைவிரிப்பும் கனத்த திரையும் வேண்டும். அதே நேரத்தில் அறை அடியோடு நிசப்தமாகவும் இருக்கக் கூடாது, ஏனென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு பத்தியை “இடவசதி” என்ற தலைப்பின் கீழ் எழுதிப் பாருங்கள். இந்த மனிதர்களை உண்மையிலேயே அறிந்தவர்கள்தான் இதை எழுதியிருக்கிறார்கள் என்று வாடகைக் கணக்கே சொல்லிவிடும்.

யாரிடம் கேட்பது? நீங்கள் விண்ணப்பித்த மூன்றுமே காது, செவித்திறன் என்று பெயர் போட்ட அறக்கட்டளைகள். அவற்றில் ஒன்று ஆய்வுக்கு மட்டுமே நிதி தருவது என்று அதன் விதிமுறையிலேயே இருக்கிறது. “முன்னுரிமையில் வரவில்லை” என்றது அதனால்தான். அது உங்கள் மீது சொன்ன குறை அல்ல. காதிரைச்சல் காதோடு நிற்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அது தூக்கத்தைத் தொடுகிறது, மனநலத்தைத் தொடுகிறது, வேலையைத் தொடுகிறது, முதியோரின் தனிமையைத் தொடுகிறது. இந்தத் தலைப்புகளில் நிதி தருபவர்களின் பட்டியலைப் பாருங்கள். இரைச்சலான ஆலைகளில் வேலை பார்த்தவர்களும், முன்னாள் படைவீரர்களும், இசைக்கலைஞர்களும் உங்கள் உறுப்பினர்களில் இருந்தால், அவர்களின் நலனுக்கென்றே இருக்கும் அமைப்புகளைத் தேடுங்கள். உள்ளூர் அளவில் சிறு தொகை தரும் சமூக நிதிகளில் தொடங்குவது நல்லது. ஒரு சிறிய தொகையைச் சொன்னபடி செலவிட்டு, சொன்ன தேதியில் கணக்குக் கொடுத்த சான்று, அடுத்த விண்ணப்பத்தில் பத்துப் பக்கத்துக்குச் சமம்.

ஆய்வு நிதி உங்களுக்கானது அல்ல, ஆனால் ஆய்வில் உங்களுக்கு இடம் உண்டு. பிரிட்டனில் ஜேம்ஸ் லிண்ட் கூட்டணியின் முயற்சியில், காதிரைச்சல் உள்ளவர்களும் மருத்துவர்களும் ஒன்றாக உட்கார்ந்து எந்தக் கேள்விகளை முதலில் ஆராய வேண்டும் என்று பத்துக் கேள்விகளை 2012-இல் தேர்ந்தெடுத்தார்கள். நோயாளிகளின் குரல் வேண்டும் என்று இன்று பல ஆய்வுக் குழுக்கள் தேடுகின்றன. பக்கத்தில் செவித்திறன் துறை உள்ள பல்கலைக்கழகம் இருந்தால் ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்கள் உங்கள் வினாப்பட்டியல் முடிவுகளை அலசித் தரலாம், அவர்களுடைய விண்ணப்பத்தில் உங்கள் உழைப்புக்கும் ஒரு தொகை சேரலாம். அமெரிக்க டின்னிடஸ் சங்கம் 1971-லும் பின்னர் டின்னிடஸ் யூகே என்று பெயர் மாறிய பிரிட்டிஷ் டின்னிடஸ் சங்கம் 1979-லும் தொடங்கப்பட்டன. உங்களுக்கு முன்னால் இந்த வழியில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெளியிடும் ஆண்டறிக்கைகளை எடுத்து, செலவை எப்படித் தலைப்புப் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள்.

கருவி விற்கும் நிறுவனத்தின் பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் சொல்லும் நிபந்தனையோடு வாங்காதீர்கள். தூக்கமில்லாமல், எதையாவது பிடித்துக்கொள்ளத் தவிக்கிற ஒருவர் உங்களை நம்பிக் கூட்டத்துக்கு வருகிறார். அவர் முன்னால் விற்பனையாளரை நிறுத்தினால் அந்த நம்பிக்கை போய்விடும், பிறகு எந்த நிதியாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது. கருவி சிலருக்கு உண்மையிலேயே உதவும், அதை மறுக்கவில்லை. யாருக்கு உதவும் என்று சொல்ல வேண்டியவர் பரிசோதித்த நிபுணர். நிறுவனத்திடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கூட்டத்தில் கருவி காட்டக் கூடாது, உறுப்பினர் பட்டியல் தரமாட்டோம், எந்தக் கருவியையும் பரிந்துரைக்க மாட்டோம், உங்கள் பங்கு எங்கள் ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது, தந்த தொகையை ஆண்டறிக்கையில் வெளியிடுவோம். ஐந்தில் ஒன்று என்பது சட்டமல்ல, என் அனுபவத்தில் நான் வைத்திருக்கும் எல்லை. ஒப்புக்கொண்டால் செயற்குழுவில் தீர்மானம் போட்டு வாங்குங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர்கள் எதற்காகப் பணம் தர வந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

பதிலே போடாத அறக்கட்டளைக்கு ஒருமுறை பணிவாகக் கடிதம் எழுதுங்கள், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். இனி எங்கே விண்ணப்பித்தாலும், எழுதுவதற்கு முன் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். “நாற்பது பேர் கொண்ட காதிரைச்சல் உதவி அமைப்பு, இன்ன வேலைக்கு இவ்வளவு தொகை கேட்கப் போகிறோம், உங்கள் விதிமுறைக்குள் வருமா?” என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும். ஐந்து இரவுகள் மிச்சமாகும். வெளிநாட்டு நிதி என்றால் அதைப் பெற முன் அனுமதி தேவைப்படும் நாடுகள் உண்டு. உங்கள் தணிக்கையாளரிடம் கேட்காமல் ஒரு தொகையும் கணக்கில் வரவு வைக்க வேண்டாம். நிதி முடிந்த பிறகு என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு “வேறு நன்கொடையாளர்களைத் தேடுவோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் எழுதுவது அது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள், எந்தச் சேவை நிதியில்லாமலும் தொடரும், எது நின்றுவிடும் என்று பிரித்து எழுதுங்கள். நின்றுவிடும் என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

உங்கள் முதல் பக்கத்தின் முதல் பத்தியை நானே எழுதிப் பார்த்தேன். திருத்திக்கொள்ளுங்கள்:

“எங்கள் செயலாளர் ஒன்பது ஆண்டுகளாக மின்விசிறியின் ஓசை இல்லாமல் தூங்கியதில்லை. அவருடைய இரண்டு காதுகளிலும் ஓர் ஒலி நிற்காமல் கேட்கிறது. அது வேறு யாருக்கும் கேட்பதில்லை. அந்த ஒலியை எங்களால் நிறுத்த முடியாது. ஆனால் அது பறித்துக்கொண்ட தூக்கத்தையும் வேலையையும் மனிதர்களோடு சேர்ந்திருப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டெடுக்க, இப்போது நாற்பது பேருக்குத் துணையாக இருக்கிறோம். அடுத்த பன்னிரண்டு மாதங்களில் இன்னும் அறுபது பேரைச் சென்றடையவும், எங்கள் தொலைபேசித் தொண்டர்கள் எட்டுப் பேருக்கு முறையான பயிற்சி அளிக்கவும், ஒவ்வொருவரின் நிலையும் எவ்வளவு மாறியது என்பதைக் கணக்கெடுத்து உங்களுக்குத் தெரிவிக்கவும் இந்த நிதியைக் கேட்கிறோம்.”

அறுபதும் எட்டும் நான் போட்ட எண்கள். உங்களால் முடிந்ததைப் போடுங்கள், ஒன்று கூடக் கூட்டிப் போடாதீர்கள்.

புதிய விண்ணப்பத்தை இப்போதே எழுத உட்கார வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு நாற்பது வினாத்தாள்களோடு போங்கள். வருகிறவர்கள் நிரப்பியதும் ஒவ்வொன்றின் மேலும் தேதியைக் குறித்து, பெயருக்குப் பதில் ஓர் எண் போட்டு, பூட்டி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே நாற்பது பேரிடம் மறுபடியும் கேளுங்கள். இரண்டு கட்டுத் தாள்களும் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மீதியைச் சேர்ந்து எழுதுவோம். எழுதுவது பகலில் இருக்கட்டும்.